பத்த வைக்கவா?

"பத்த வச்சிடவா?"

"ஐயோ… ஏன் பத்த வைக்கப் போறீங்கள்? அதுக்குக் கோயில்ல சனம் இருக்கு. நீங்கள் ஒட்டித் தந்தால் காணும்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன். நல்லா பத்த வச்சுக் குடுத்திடுறேன்."

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. திருநாளுக்கு அஞ்சு நாள்தான் கிடக்கு. இதை எரிச்சீங்கள் எண்டால் அப்பா என்னை எரிச்சுப்போடுவார்."

இரும்பு முகமூடிக்குள் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு மட்டும்தான். முகத்தைக் காணோம். சுவேதினிக்குக் கோபமாக வந்தது. அவள் தலைமயிரிலிருந்து மழைநீர் சொட்டியது. கையில் அணைத்திருந்த மெழுகுதிரித் தட்டிலிருந்தும் சொட்டியது. மாதா சொரூபத்துக்கு முன்னால் வைக்கிற நீளத் தகரத் தட்டு. மூலைகள் விட்டுப்போய், மெழுகு முழுவதும் நிலத்தில் வழிகிறதென்று, கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பரான அவள் அப்பா கிறகரி அதைத் திருத்தி எடுத்துவரச் சொல்லியிருந்தார். மன்னார் பள்ளிமுனையிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவள் வழமையான கடைக்குத்தான் போயிருக்க வேண்டும். உப்புக்குளத்துக்குத் திரும்பும்போது வானம் கொட்டத் தொடங்கியதால், முதலில் தெரிந்த கூரைக்குள் ஓடி வந்துவிட்டாள். அவளுக்கு முந்தியே ஒரு கழுதை அங்கே ஒதுங்கி நின்றது.

அவன் முகமூடியை மேலே தள்ளினான்.

நெற்றியிலும் கன்னத்திலும் கரி. அதற்கு நடுவே கண்கள் மட்டும் இப்போதுதான் கழுவி வைத்தது போல… சுவேதினி தட்டைப் பார்த்தாள். பிறகு கழுதையைப் பார்த்தாள். வேறெங்கே பார்ப்பது?

"மன்னிச்சுக்கோங்க. நான் வேலை பழகினது கோயம்புத்தூர்ல. அங்க வெல்டிங்குக்குப் பேரே பத்த வைக்கிறதுதான். ஊருக்குத் திரும்பி வந்து மூணு வருசம் ஆச்சு. ஆள் வந்து சேர்ந்திட்டேன். நாக்குதான் இன்னும் படகுல வந்துக்கிட்டு இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் எங்கே போனதென்று தேடிப் பார்த்தாள். இல்லை.

அவன் பெயர் மில்ரன். போர்க்காலத்தில் கைக்குழந்தையாக, தாய் அருளம்மாவின் மடியில் இராமேஸ்வரத்துக்குப் போனவன். அகதி முகாமில் வளர்ந்து, இருபத்தைந்து வயதில் அதே தாயைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தவன். இதெல்லாம் அவள் கேட்காமலே தெரியவந்தது. மழை விடவில்லை, அவனும் பேச்சை விடவில்லை.

"சாதாரண வெல்டிங் போட்டா இந்தத் தகரம் தாங்காதுங்க. ஓட்டை விழுந்திடும். இன்னொண்ணு இருக்கு. ஆனா அதுவும் என்கூட கோபமா இருக்கு."

மூலையில் போர்த்தியிருந்த படங்குத் துணியை இழுத்தான். கீழே ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதிலிருந்து ஒரு தடித்த வயர். வயரின் நுனியில் சுடுகிற துவக்கு மாதிரி ஒரு கைப்பிடி.

சுவேதினி கோயில் தட்டை நிலத்தில் வைத்துவிட்டுக் கிட்டப் போனாள்.

"லேசர்…" என்றாள்.

"தெரியுமா உங்களுக்கு?"

தெரியுமாவா? மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஒரு சின்ன அறையில், இரண்டு வருடங்களாக அவள் வாழ்வதே அதோடுதான்; இப்போது திருநாளுக்காக வீட்டுக்கு வந்திருக்கிறாள். லேசர் ஒளியை எந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தால் மெல்லிய தகரங்கள் ஓட்டையில்லாமல் ஒட்டும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஆனால் எல்லாமே கணினித் திரையில். கையால் தொட்டதில்லை. காதலனோடு கடிதத்தில் மட்டும் பேசிப் பழகியவள், திடீரென்று அவனைப் பஸ் நிலையத்தில் கண்டதைப் போல நின்றாள்.

அவன் அவளுக்கு ஒரு பச்சைக் கண்ணாடியைக் கொடுத்தான். "போட்டுக்கோங்க. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனா கண்ணைக் கெடுத்திடும்." கழுதையை வெளியே தள்ளிவிட்டு, முகமூடியை இறக்கி, இரண்டு தகரத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தான். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பொறிகள் தெறித்தன. எடுத்துக் காட்டினான். துண்டின் நடுவே வரிசையாக ஓட்டைகள்.

"பாத்தீங்களா? கொழும்பில வாங்கி மூணு மாசம். தடிச்ச இரும்புன்னா வெண்ணெய் மாதிரி ஒட்டுது. தகரத்தைக் கண்டா குத்துது. விடத்தல்தீவில நண்டு பதப்படுத்துறாங்கள்ல… அவங்க மெல்லிசுத் தட்டு கேட்டிருக்காங்க. சனிக்கிழமை மாதிரி பாக்க வருவாங்க. தண்ணி ஊத்திப் பாப்பாங்க, ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. இது சரிவரலைன்னா…" அவன் தோளைக் குலுக்கினான். "கத்தார்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும். அம்மாதான் பாவம். மறுபடியும் ஒரு ஊர் மாத்த முடியாதுன்னு அழுவுறாங்க."

சுவேதினி அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இயந்திரத்தின் திரையைப் பார்த்தாள். எல்லாம் சீன எழுத்து. ஆனால் இரண்டு சின்னங்கள் எந்த மொழிக்கும் பொது. ஒரு கோடு. ஒரு வட்டம்.

"உங்கட ஒளி ஊசி மாதிரி நிக்குது. சூடு முழுக்க ஒரு புள்ளியில. தகரம் பாவம், ஓட்டை விழாமல் என்ன செய்யும்? ஊசி வேண்டாம்…" அவள் ஆர்வத்தில் கையை நீட்டி, விரலால் காற்றில் வளையம் போட்டாள். "மோதிரம் போடுங்கோ!"

மில்ரன் அவள் விரலைப் பார்த்தான். மழையைப் பார்த்தான். சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தான்.

"மோதிரமா? ஏங்க, சந்திச்சு இன்னும் அரை மணி நேரம்கூட ஆகலையே…"

அவள் முகம் பச்சைக் கண்ணாடிக்குள்ளும் சிவந்தது. "அது இல்லை! ஒளியை மோதிர வடிவத்தில சுத்த விடுறது. நடுவில குத்தாது. சூடு சுத்திவரப் பரவும். உருகின தகரம் கொதிச்சுத் தெறிக்காமல் அமைதியாய்க் கிடக்கும். இந்தா, இந்த வட்டத்தை அமத்துங்கோ. உள்ளுக்க இருக்கிற கண்ணாடி ஆடி ஆடி வட்டம் கீறும்."

"இதா? நான் இதை ஆஃப் பண்ற பட்டன்னு நெனச்சு மூணு மாசமாத் தொடவே இல்லையே…"

வட்டத்தின் அகலத்தை அவள் சொன்னாள். வேகத்தை அவன் கூட்டினான், குறைத்தான். நாலாவது துண்டில் ஓட்டை இல்லை. மீன் செதிலை அடுக்கியது போல ஒரு மெல்லிய கோடு, வெள்ளியாக ஓடியிருந்தது. அவன் அதை நகத்தால் தடவிப் பார்த்தான். சின்ன வயதில் கேட்ட பொருளை இப்போது கொண்டுவந்து கையில் கொடுத்தால் ஒருவன் எப்படிப் பார்ப்பானோ, அப்படிப் பார்த்தான்.

ஆனால் கோயில் தட்டின் தகரத்தில் அதே மோதிரத்தைப் போட்டபோது ஒட்டு முழுவதும் பொட்டுப் பொட்டாகத் துளைகள் வந்தன. சுவேதினியின் முகம் விழுந்தது. திரையிலும் இதேதான். இந்தத் தட்டைப் போலத் துத்தநாகம் பூசின தகரம் என்றால் அவளுடைய கணக்கெல்லாம் இங்கே வந்து முறியும். ஐந்து மாதமாக ஒரு அத்தியாயம் இதனால்தான் பாதியில் கிடக்கிறது.

"இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டீங்க?" என்றான் மில்ரன். சுத்தியலின் கூர் முனையால் கீழ்த் தகரத்தில் இடைக்கிடை மெல்லத் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கடுகளவு பொட்டு எழும்பியது. அதன்மேல் மற்றத் தகரத்தை வைத்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமயிர் போகிற அளவுக்கு இடைவெளி. "பூச்சு சூட்டில புகையாகும். ரெண்டையும் இறுக்கி அமத்தினா அந்தப் புகை எங்க போகும்? உருகினதைக் கிழிச்சுக்கிட்டுத்தான் வரும். தகரமும் மூச்சு விடணுங்க."

"மூச்சு…"

"ஆமா. சேர்ந்து இருக்கணும்னா நடுவுல கொஞ்சம் மூச்சு விட இடம் வேணும்."

அவன் தகரத்தைப் பற்றித்தான் சொன்னான். அவள்தான்… அதை வேறு எங்கேயோ வைத்துக் கேட்டாள்.

மழை விட்டது எப்போதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. கழுதை போய்விட்டிருந்தது.

---

மறுநாள் புதன்கிழமை அவள் கொப்பியோடு வந்தாள். வியாழக்கிழமையும் வந்தாள். அவன் ஒட்டினான், அவள் அளந்தாள். இடைவெளி எவ்வளவு, வட்டம் எவ்வளவு, வேகம் எவ்வளவு… கொப்பியின் பக்கங்கள் நிரம்பின. ஐந்து மாதமாக முறிந்து கிடந்த கணக்கு, இந்தத் தகரக் கொட்டிலுக்குள் எழும்பி நடக்கத் தொடங்கியது. புறப்படும்போது ஒவ்வொரு நாளும் "நன்றி" என்றாள். ஒவ்வொரு நாளும் அவனும் "நன்றிங்க" என்றான். யார் யாருக்கு எதற்குச் சொல்வது என்று கணக்குத் தப்பிப்போய், வியாழக்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றான் அவன், கண்ணாடியைத் திருப்பி வாங்கும்போது.

"என்ன?"

"செவ்வாய்க்கிழமை மூச்சுக்கு மூச்சு அண்ணைன்னு கூப்பிட்டீங்க. நேத்திலேர்ந்து அந்த அண்ணையைக் காணோம்."

"அவர்… கத்தாருக்குப் போயிட்டார்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் ஏறினாள். கடற்பாலத்துப் பக்கமிருந்து வந்த காற்று முகத்தில் அடித்தது. சொன்ன பகிடி அவளையே குத்தியது. உண்மையாகவே போய்விட்டால்?

---

வெள்ளிக்கிழமை காலை, சுவேதினி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் சார்ஜில் கிடந்த அவளுடைய போன் அடித்தது. கிறகரி எடுத்தார்.

"வணக்கங்க. சுவேதினிகிட்ட சொல்லிடுங்க. கோயில் தட்டை முழுசா பத்த வச்சிட்டேன். இனி ஒண்ணும் மிச்சமில்ல!"

அவன் சந்தோசத்தில் சொன்னான். வேலை ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். கிறகரிக்குக் கேட்டது வேறு. மாதாவின் தட்டை ஒருவன் முழுதாகப் பத்த வைத்துவிட்டு, மிச்சமில்லை என்று சிரித்துக்கொண்டு சொல்கிறான்! போனை வைத்தவர் சட்டைப் பொத்தானைக்கூடப் பூட்டாமல் மோட்டார்சைக்கிளை எடுத்தார்.

மகள் சொல்லியிருந்த அந்தக் கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"எடேய்! ஆரடா அது கோயில் சாமானைப் பத்த வைச்சவன்? முகாமில வளர்ந்ததுகளிட்ட மாதாவின்ர சாமானைக் குடுத்தது எங்கட பிழை! ஊர், கோயில், மரியாதை ஏதும் தெரிஞ்சால்தானே!"

மில்ரன் பின்சுவரில் மாட்டியிருந்த தட்டை இறக்கி அவர் கையில் வைத்தான். நாலு மூலையும் வெள்ளிக் கோடுகளாக மின்னின. கிறகரி புரட்டிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். வாய் திறந்தது… மூடியது. நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் சுவேதினி ஓடி வந்தபோது இயந்திரத்தின் மேல் படங்கு போட்டிருந்தது. மில்ரன் வாசற்படியில் இருந்தான்.

"அப்பாவுக்கு விளங்கேல்லை. அந்தச் சொல்லு…"

"தெரியும். என் நாக்குலதான் பிழை." அவன் சிரிக்க முயன்றான். "அங்க இருந்தப்போ சிலோன்காரன்னு சொன்னாங்க. இங்க வந்தா முகாம்காரன். நான் எந்த ஊர்க்காரன்னு யாராச்சும் சொன்னா அங்க போயிடுவேன். அதுவரைக்கும் கத்தார் நல்லதுதானே? அங்க எல்லாருமே வெளியூர்க்காரங்க."

அவள் ஸ்கூட்டிச் சாவியைக் கைக்குள் உருட்டிக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு வாங்க" என்றான். வீட்டுக்குப் போகச் சொன்னானா, ஒரேயடியாக விடை கொடுத்தானா… அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

---

அன்று பின்னேரம் கிறகரி தட்டை விறாந்தையில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். கீழே பழைய பத்திரிகையை விரித்தார். எங்காவது ஒரு சொட்டு ஒழுகினால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காலையில் வந்து பத்திரிகையை இழுத்துப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரமில்லை. தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டு, தட்டைத் துணியால் துடைத்தார்.

"பிள்ளை…"

"என்னப்பா?" சுவேதினி முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். நேற்றிலிருந்து அவள் அவரோடு கதைக்கவில்லை.

"அந்தப் பெடியன்…" இருமினார். "அவன் பத்த வைச்சது நல்லாத்தான் பத்தியிருக்கு."

சுவேதினி திரும்பிப் பார்த்தாள். அப்பா எந்த நிகண்டையும் புரட்டாமல் ஒரு புதுச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டார்.

"கோயில் கேற்றின்ர கீலும் விட்டுப்போய்க் கிடக்கு. அதையும் வந்து பத்த வைக்கோணுமாம் எண்டு சொல்லு. மூப்பர் கேட்டவராம் எண்டு. நான் வாய் தடிச்சுப் போட்டன் எண்டும்… அதை நான் நேர சொல்லுறன். நீ கீலை மட்டும் சொல்லு."

அவள் அப்பாவின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மேசைக்கு ஓடினாள். எழுத வேண்டியது ஒரே ஒரு பக்கம். இரண்டு வருடமாக, கடைசியில் எழுதலாம் என்று விட்டுவைத்த பக்கம்.

---

கடை வாசலில் ஈரமண்ணில் வான் வண்டிச் சக்கரத்தின் தடம் கிடந்தது. விடத்தல்தீவுக்காரர் வந்து போய்விட்டார்கள். மில்ரன் வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தட்டு?"

"தண்ணி ஊத்திப் பாத்தாங்க. ஒழுகல. இன்னும் நிறைய வேணுமாம்." குரலில் ஓட்டமில்லை. "திங்கக்கிழமை சொல்றேன்னு அனுப்பிட்டேன். உங்க புண்ணியத்தில தட்டு நிக்குதுங்க. நான் நிக்கிறதா இல்லையான்னுதான் தெரியல."

மீண்டும் தூறத் தொடங்கியது. அதே கழுதை உள்ளே வந்தது, பழகின வீட்டுக்கு வருவது போல.

சுவேதினி அப்பா சொன்ன கீலைப் பற்றிச் சொன்னாள். பத்தியிருக்கு என்று அவர் சொன்ன சொல்லையும் சொன்னாள். அவன் உதட்டோரம் ஒரு சின்ன அசைவு. அவ்வளவுதான். பிறகு அவள் மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள்.

"என்ர ஆராய்ச்சிப் புத்தகத்தின்ர முதல் பக்கம். புத்தகம் முழுக்க இங்கிலிஷ். நன்றி சொல்லுற இந்த ஒரு பக்கம் மட்டும் தமிழில எழுதியிருக்கிறன். வாசியுங்கோ."

அவன் கரி படிந்த விரல்களை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினான். மேலே பேராசிரியரின் பெயர். அப்பா, அம்மாவின் பெயர். கடைசியில் இரண்டு வரி.

'ஒளிக்கு வடிவம் கொடுக்க எனக்குத் தெரிந்திருந்தது. தகரம் மூச்சுவிட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதைக் கற்றுத்தந்த மன்னார்க்காரர் மில்ரனுக்கு என் நன்றி.'

அவன் ஒருமுறை வாசித்தான். மறுபடியும் வாசித்தான். அவனுடைய விரல் தன் பெயரில் நிற்கவில்லை. அதற்கு முந்திய சொல்லில் போய் நின்றது. மன்னார்க்காரர். இருபத்தெட்டு வருடங்களில் யாரும் அந்தச் சொல்லை அவனுக்கு எழுதித் தந்ததில்லை. எந்த அடையாள அட்டையும் பதிவும் தராத ஒரு ஊர்ப்பெயர், ஒரு பெண்ணின் கையெழுத்தில்…

"இது அச்சில வருமோ?" என்று கேட்டான்.

வருமோ! சுவேதினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். வருமா என்று கேட்கிறவன்தான் இவன். அந்த நாக்கு, கடைசியில், படகைவிட்டு இறங்கிவிட்டது. அது அவனுக்கே தெரியவில்லை. அவள் சொல்லிக் காட்டவில்லை.

"வரும். எந்த ஊரில ஆர் எடுத்து வாசிச்சாலும் அப்பிடித்தான் இருக்கும்."

அவன் கண்கள் நிறைந்தன. கழுவி வைத்தது போல முதல்நாள் கண்ட கண்கள், இன்று உண்மையாகவே கழுவப்பட்டன. "நன்றி" என்றான். சொல் பாதியில் உடைந்தது.

"நன்றி எண்டு நான் எழுதினது பொய் மில்ரன்" என்றாள் அவள். மழைச் சத்தத்துக்கு மேலாகப் பேச வேண்டியிருந்தது, ஆனால் குரல் ஏனோ உள்ளுக்குள் போனது. "பொய்யில்லை… அந்தச் சொல்லு மட்டும் காணாது. எழுதேக்க எனக்கு வேற ஒரு சொல்லுத்தான் வந்தது. அதைப் புத்தகத்தில போட ஏலாது. என்ர கணக்கு சரிவந்ததுக்காகத்தான் நான் ஒவ்வொரு நாளும் வந்தனான் எண்டு நினைச்சீங்களோ? கணக்கு வியாழக்கிழமையே முடிஞ்சுது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. முகமூடிக்குள்ள சிரிச்சீங்களே… அப்பவே."

அவன் தாளைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அவள் அதைக் குறைக்கவில்லை. மூச்சு விட இடம் வேண்டும் என்று படிப்பித்தவனே அவன்தானே?

கைப்பைக்குள் கைவிட்டு ஒரு மெழுகுதிரியை எடுத்தாள். சின்னது, வெள்ளை நிறம். வழியில் கோயிலடிக் கடையில் வாங்கியது. அதை வெறும் மேசையில், அவனுடைய கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்குத் திருநாள். உங்கட தட்டு மாதாவுக்கு முன்னால இருக்கும். முதல் திரி இதுதான், நான் அப்பாவிட்டச் சொல்லிப்போட்டன்." அவள் கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தாள். "திங்கக்கிழமை கத்தாருக்கு என்ன சொல்லுவீங்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் நாளைக்குக் காலமை கோயிலுக்கு வந்து… இதைப் பத்த வையுங்கோ மில்ரன். எங்கட கருத்தில எண்டாலும் சரி… உங்கட கருத்தில எண்டாலும் சரி… பத்த வைப்பீங்களோ?"